தற்குறி இட்ட மனு



சென்ற திங்கள் நம் சங்கத்து நண்பர் ஒருவர் தம் வீட்டுப் பரணிற் கிடந்த பழைய கிரயப் பத்திரம் ஒன்றை எம்மிடம் கொணர்ந்து, படித்துப் பொருள் கூறுமாறு வேண்டினார். எல்லை, மால், அளவு முதலியவற்றைப் படித்துக்கொண்டே வருங்கால், பத்திரத்தின் அடிப்பாகத்தை அவர் தம் பெருவிரலால் மறைத்துக்கொண்டே இருத்தலைக் கண்டோம். விரலை எடுக்கச் சொல்லி நோக்கியவழி, ஆண்டு அவர்தம் முன்னோர் ஒருவர் கையெழுத்துக்குப் பதிலாக இட்ட கீறல் ஒன்று இருந்தது. அதன் அருகே, ‘இஃது இன்னார் தற்குறி’ என்று பத்திரம் எழுதினவர் வரைந்திருந்தார். நண்பர் நாணியது அக்கீறலின் பொருட்டே என்பது பின்னரே எமக்கு விளங்கிற்று.

தற்குறி என்னுஞ் சொல்லின் வரலாறே இரங்கத்தக்கது. தன் குறி தற்குறி. எழுத்தறியாத ஒருவன் தன் கையால் இடும் அடையாளம் என்பது அதன் பொருள். அக்குறி, கற்றவன் இடும் கையொப்பத்தோடு ஒத்த மதிப்புடையதாகவே பத்திரங்களிற் கொள்ளப்பட்டது. நாளடைவில் குறியின் பெயர் குறியிட்டவன்மேல் ஏறி, இன்று ‘தற்குறி’ என்றால் ஒருவனை வைதல் என்றாயிற்று. நண்பர் சென்றபின் எம் நினைவு, தற்குறி இட்ட வேறு இரண்டு தாள்கள்மேற் சென்றது. அவை நம் நாட்டன அல்ல. அமெரிக்க ஐக்கிய நாடுகளில், மிஸூரி இராச்சியத்து ஸெயின்ட் லூயி நகரத்துக் கோர்ட்டில், 1846-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 6-ஆம் நாள் தாக்கல் செய்யப்பட்டவை. ஒன்றில் தற்குறி இட்டவர் டிரெட் ஸ்காட் என்னும் அடிமை; மற்றொன்றில் இட்டவர் அவர்தம் மனைவி ஹாரியெட். அத்தாள்கள் இன்றும் ஆவணக்களரியில் உள. அவற்றின் வரலாற்றை ஈண்டு ஒருவாறு கூறப் புகுகின்றோம்.

டிரெட் ஸ்காட் வர்ஜீனியா நாட்டிற் பிறந்தவர். பீட்டர் ப்ளோ என்பவருடைய அடிமை. ப்ளோ குடும்பத்தார் முதலில் அலபாமாவுக்கும், 1830-இல் ஸெயின்ட் லூயிக்கும் குடிபெயர்ந்தபோது மாடு கன்றுகளோடு அவரும் உடன் சென்றார். பின்னர்ப் படையில் வைத்தியராயிருந்த டாக்டர் ஜான் எமர்ஸன் என்பார் அவரை விலைக்கு வாங்கினார். படை வைத்தியர்க்கு ஓரிடத்தில் நிலைபேறு இல்லையன்றோ? எமர்ஸன் 1833-இல் இல்லினாய் இராச்சியத்துக் கோட்டைக்கும், 1836-இல் வடக்கே மிஸிஸிப்பி ஆற்றின் மேற்பகுதியிலுள்ள ஸ்நெல்லிங் கோட்டைக்கும் மாற்றப்பட்டார். இரண்டிடத்தும் ஸ்காட்டை உடன் கொண்டு சென்றார். ஸ்நெல்லிங் கோட்டையிலேதான் ஸ்காட் ஹாரியெட்டை மணந்தார். ஹாரியெட்டின் எஜமானரே அங்கு மணம் செய்துவைக்கும் அதிகாரமுடைய உத்தியோகஸ்தராகவும் இருந்து அம்மணத்தை நடத்திவைத்தார். அடிமைகளின் மணத்தைச் சட்டம் மணமாகவே மதியாத அந்நாட்டில் இங்ஙனம் முறைப்படி ஒரு மணம் நிகழ்ந்தது அரிது.

இவ்விடமாற்றமே வழக்கின் உயிர்நிலை. இல்லினாய் நாடு, 1787-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அடிமை முறை விலக்கப்பட்ட வடமேற்கு நிலப்பகுதியிலிருந்து தோன்றியது. அதன் அரசியற் சட்டமும் அம்முறையை விலக்கியிருந்தது. ஸ்நெல்லிங் கோட்டை இருந்த நிலமோ, 1820-இல் காங்கிரஸ் செய்த உடன்பாட்டுச் சட்டத்தின்படி, 36 பாகை 30 கலைக்கு வடக்கே அடிமை முறை என்றும் ஆகாது என்று வரையறுக்கப்பட்ட நிலம். அடிமையை உடைமையாகக் கொண்டு வாழ்ந்த மிஸூரி நாட்டுக் கோர்ட்டுகளே, இத்தகைய நிலத்தில் எஜமானனால் கொண்டுபோய்க் குடிவைக்கப்பட்டவன் விடுதலை பெற்றவனாவான், ஒருமுறை விடுதலையானவன் பின்னும் விடுதலையானவனே என்று 1824 முதல் தீர்ப்பளித்து வந்தன. படை உத்தியோகஸ்தன் மேலிடத்து ஆணையால் சென்றான் என்பதும் சமாதானம் ஆகாது என்று 1836-இல் ரேச்சல் என்னும் பெண்ணின் வழக்கிலே தீர்ப்பாகியிருந்தது. ஆதலின் எமர்ஸன் 1843-இல் இறந்தபின், அவர் மனைவி ஐரின்மேல் ஸ்காட்டும் ஹாரியெட்டும் தொடுத்த வழக்கு புதுமையானதொன்று அன்று. எளிதில் வெல்லவேண்டிய வழக்கு.

இனி, அடிமை ஒருவன் கோர்ட்டில் ஏறுவது யாங்ஙனம் என்பதை அறிதல் வேண்டும். உடைமையாகிய பொருள் உடையவன்மேல் வழக்குத் தொடுத்தல் இயலாது. ஆயினும் மிஸூரிச் சட்டம் ஒரு சிறு வாயிலைத் திறந்து வைத்திருந்தது. விடுதலைக்கு உரிமையுண்டென்று கருதுவோன் முதலில் நீதிபதிக்கு மனு எழுதிக்கொள்ளவேண்டும். அவர் மனுவைப் பார்த்து, ‘இவன் வழக்காடலாம், செலவுக்கு ஜாமீன் கொடுக்கவேண்டும், வக்கீலைக் காண இவனைத் தடுத்தல் ஆகாது, வழக்கு முடியுமளவும் இக்கோர்ட்டின் எல்லைக்கு வெளியே இவனைக் கொண்டுபோதல் ஆகாது’ என்று ஆணையிட்டால் வழக்கு நடக்கும். ஸ்காட்டின் மனுவில் நீதிபதி ஜான் க்ரம் இவ்வாறு ஆணையிட்டார். எல்லைக்கு வெளியே கொண்டுபோகலாகாது என்னும் அவ்வொரு வாசகத்தின் அருமையை அடிமைகளே அறிவர், என்னை? வழக்குத் தொடுத்தவனை இரவோடு இரவாகக் கப்பலேற்றித் தென்னாட்டுச் சந்தையில் விற்றுவிட்டால் வழக்கும் இல்லை, வாதியும் இல்லை.

ஆணை கிடைத்தபின் பிராது எழுதப்படும். அப்பிராது படிப்பார்க்கு வியப்பையே தரும். ‘என்னை விடுவிக்க’ என்று அதில் நேரே கேட்பதில்லை. ‘யான் உரிமையுடைய மனிதன், இப்பிரதிவாதி என்னை அடித்தாள், துன்புறுத்தினாள், சிறை வைத்தாள், ஆதலின் எனக்கு நஷ்டஈடு தருக’ என்றே கேட்கும். ஸ்காட் கேட்ட நஷ்டஈடு பத்து டாலர். எஜமானி அதற்கு விடை கூறவேண்டுமாயின், ‘இவன் என் அடிமை, ஆதலின் அடிக்க எனக்கு உரிமையுண்டு’ என்று கூறவேண்டும். அப்பொழுது அவன் அடிமையா அல்லனா என்பதே விவாதப் பொருளாகும். சட்டத்தின் இந்நாடகத்தைக் கண்டு நகைப்பார் நகைக்கட்டும். மனிதன் என்று நேரே சொல்லி நுழைய இயலாதவன், அடிபட்டவன் என்று சொல்லி நுழைந்தான் என்க.

மனு வக்கீல் நடையில் எழுதப்பட்டதே; ஸ்காட்டின் சொற்கள் அல்ல. ஒரே வாய்பாட்டில் எழுதப்பட்ட இத்தகைய மனுக்களைப் பல படித்தால் சலிப்பே மிகும். ஆனால் வாய்பாட்டின் இடையே, எந்தக் கோட்டை, எந்த ஆறு, யார் விற்றார், யார் வாங்கினார், குழந்தை எங்கே பிறந்தது என்னுஞ் செய்திகள் வருமிடத்து, வக்கீல் அறிந்திருக்க இயலாதனவற்றை உயிரோடிருந்த ஒரு மனிதர் எதிரே நின்று சொல்லிக்கொண்டிருந்தமை புலனாகும். ஸ்காட்டின் மூத்த மகள் எலைஸா மிஸிஸிப்பி ஆற்றில் ‘ஜிப்ஸி’ என்னும் நீராவிக் கப்பலில், மிஸூரி எல்லைக்கு வடக்கே பிறந்தாள் என்னுஞ் செய்தி இவ்வழக்கின் கட்டுகளால் நமக்குக் கிடைத்ததே. எந்த நீரின்மேல் பிறந்தாள் என்பதும் அக்குழந்தைக்கு உரிமை வழக்காயிற்று.

1847-இல் நடந்த முதல் விசாரணையில் ஸ்காட் தோற்றார். தோற்ற காரணம் விநோதமானது. ஐரின் எமர்ஸனிடமிருந்து ஸ்காட் குடும்பத்தைக் கூலிக்கு அமர்த்தியதாகச் சாட்சி சொல்ல வந்தவர், குறுக்கு விசாரணையில், அமர்த்தியவள் தம் மனைவியென்றும், தாம் கேள்வியால் அறிந்ததே என்றும் ஒப்புக்கொண்டார். ஆகவே ஐரின் இவர்களைத் தம் அடிமைகளாக வைத்திருந்தார் என்பது ருசுவாகவில்லை. ருசுவாகாமையால் அவர்கள் ஐரினுடைய அடிமைகளாகவே நீடித்தனர்! 1850-இல் மறுவிசாரணையில் ஜூரிகள் ஸ்காட்டுக்கு விடுதலை வழங்கினர். ஐரின் அப்பீல் செய்தார். 1852-இல் மிஸூரி உயர் நியாயஸ்தலத்தார் மூவருள் இருவர், காலம் முன்போல் இல்லை என்று சொல்லி, 28 ஆண்டுகளாக அந்நாட்டில் நிலைத்திருந்த கொள்கையைத் தாமே தள்ளிவிட்டனர். சட்டம் மாறவில்லை, சாட்சியம் மாறவில்லை, நாட்டின் மனநிலை மாறிற்று.

ஈண்டு ஒன்று குறிப்பிடற்பாலது. வழக்கு இரண்டு நடத்தல் வீண் செலவென்று கருதி, ஸ்காட்டின் வழக்கு முடிந்தவாறே ஹாரியெட்டின் வழக்கும் முடிவதாக என்று 1850-இல் இருதிறத்தாரும் உடன்பட்டனர். அன்றுதொட்டு அச்சிட்ட தீர்ப்புகளில் ஹாரியெட் ஸ்காட்டின் மனைவி என்னும் அளவிலே நின்றுவிட்டார். தாயின் நிலையே சேயின் நிலை என்பது அடிமைச் சட்டம். ஆதலின் இரு பெண்மக்களின் விடுதலை தந்தையினும் தாயின் வழக்கையே பெரிதும் பற்றி நின்றது. கையெழுத்துக் கட்டுகளைப் பிரித்துப் பார்த்தாலன்றி ஹாரியெட்டும் ஒரு வாதி, தாமே மனு எழுதுவித்துத் தாமே தற்குறி இட்டவர் என்பது புலப்படாது. அச்சு மறைத்ததைக் கையெழுத்துக் காத்தது.

நிற்க. வழக்கு 1853-இல் ஐக்கிய நாட்டு மத்தியக் கோர்ட்டுக்கு ஏறியது. இப்பொழுது பிரதிவாதி ஐரினுடைய உடன்பிறந்தாராகிய ஜான் ஸான்போர்டு, நியூயார்க்கு வாசி. வெவ்வேறு இராச்சியத்துப் பிரஜைகளுக்கிடையேயுள்ள வழக்கென்று சொல்லி அங்கே நுழைந்தனர். கேட்ட நஷ்டஈடும் 9,000 டாலர் ஆயிற்று. அங்கும் தோற்று, வாஷிங்டன் சுப்ரீம் கோர்ட்டை அடைந்து, இருமுறை வாதிக்கப்பட்டு, 1857 மார்ச்சு 6-ஆம் நாள் தீர்ப்பாயிற்று. எழுவர் ஒருபுறம், இருவர் மறுபுறம். ஏடு பார்த்துப் பழகிய எம்மனோர்க்குச் சுவை தரும் செய்தியொன்று இதில் உண்டு. ஸான்போர்டின் பெயர் கோர்ட்டுப் பதிவில் ஓர் எழுத்து மிகுந்து ‘ஸாண்ட்போர்டு’ என்று விழுந்துவிட்டது. அச்சிட்ட தொகுதியிலும் அவ்வாறே சென்றது. இன்றும் சட்டம் பயில்வோர் அப்பிழையோடு கூடியே அவ்வழக்கின் பெயரைச் சொல்கின்றனர். ஏடெழுதுவோர் பிழை எழுத்தாளன் கணக்கில் ஏறும் என்பார்கள். இங்கோ ஒரு நாட்டின் சரித்திரத்திலேயே ஏறி அமர்ந்துவிட்டது.

தீர்ப்பை எழுதியவர் பிரதம நீதிபதி ரோஜர் டானி. கறுப்பினத்தார், அடிமையாயினும் அல்லராயினும், ஐக்கிய நாட்டின் பிரஜைகள் ஆகார். அரசியலமைப்பு எழுதப்பட்ட காலத்து, வெள்ளையர் மதிக்கவேண்டிய உரிமை யாதொன்றும் இல்லாதவராகவே அவர்கள் கருதப்பட்டனர். ஆதலின் ஸ்காட்டுக்குக் கோர்ட்டில் ஏற உரிமையில்லை. 1820-ஆம் ஆண்டுச் சட்டமும், உடைமையாளரின் உடைமையைப் பறிப்பதாகலின், செல்லாது என்பது அவர் கூற்றின் சுருக்கம். வழக்காட உரிமையில்லாதவன் என்று முடிவு செய்தபின் அவன் வழக்கின் உட்பொருளை ஆராய்ந்து தீர்த்தது என்ன முறையோ, யாம் அறியோம். அன்றே பலரும் அதைக் கேட்டனர்.

இத்தீர்ப்பு முழுவதும் பழைய ஆவணங்களின் பொருள்கோள்பற்றியது. 1776-ஆம் ஆண்டு விடுதலை அறிக்கையில் ‘எல்லா மனிதரும்’ என்றது எல்லாரையும் குறியாது என்று டானி உரை வகுத்தார். மறுத்தெழுதிய இருவருள் ஒருவராகிய பெஞ்சமின் கர்ட்டிஸ், உரையை விட்டுச் சான்றுக்குச் சென்றார். நியூ ஹாம்ஷயர், மாஸச்சூஸெட்ஸ், நியூயார்க்கு, நியூ ஜெர்ஸி, வட கரோலினா ஆகிய ஐந்து நாடுகளில், அரசியலமைப்பு ஏற்கப்படுவதற்கு முன்னரே, அடிமையல்லாத கறுப்பினத்தார் ஏனையோரோடு வாக்களிக்கும் உரிமை பெற்றிருந்தனர் என்பதை அந்நாடுகளின் சட்டப் பதிவுகளால் காட்டினார். அரசியலமைப்பை ஆக்கியவருள் ஒரு பகுதியாயிருந்தவர்கள் அவ்வமைப்பிற்கே அயலார் ஆயினமை யாங்ஙனம் என்பது அவர் வினா. மூலத்தைப் பாராது உரையாசிரியன் தன் கொள்கையை ஏற்றிச் சொல்லும்போது, ஏட்டை எடுத்து முன் வைப்பதே சிறந்த மறுப்பு.

இதன்பின் நடந்தது இன்னும் கேட்கத்தக்கது. டானி தீர்ப்பைக் கோர்ட்டிற் படித்தாரே தவிர, எழுத்து வடிவை உடனே வெளியிடவில்லை. கர்ட்டிஸின் மறுப்போ பத்திரிகைகளில் வந்துவிட்டது. ஏப்ரலில் கர்ட்டிஸ், டானியின் தீர்ப்புப் படி ஒன்று தருமாறு கோர்ட்டு எழுத்தருக்கு எழுதினார். அத்தீர்ப்புக் கூறிய மன்றத்திலேயே உடனிருந்த நீதிபதி கேட்டும், அச்சாகுமுன் யார்க்கும் படி தருதல் ஆகாது என்பது பிரதம நீதிபதியின் ஆணை என்று விடை வந்தது. இருவர்க்கும் இடையே கசப்பான கடிதங்கள் நடந்தன. அச்சான தீர்ப்பைக் கண்டபின் கர்ட்டிஸ், மன்றத்திற் படிக்கக் கேட்டதற்குமேல் பதினெட்டுப் பக்கங்களுக்கு மிகுதியாகப் பின்னர்ச் சேர்க்கப்பட்டுள என்று குறித்து வைத்தார். பெரும்பாலும் அவை தம் மறுப்புக்கு விடையாக எழுதிச் செருகப்பட்டன என்பது அவர் கருத்து. டானியோ, சான்று காட்டி விளக்கினேனேயன்றிப் புதிது கூறவில்லை என்றார். இடைச்செருகல் பழைய புலவர் ஏடுகளிலேதான் உண்டென்று எண்ணியிருந்தோம். பெரிய மன்றத்தின் தீர்ப்பிலும் அவ்வழக்கு எழுந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் கர்ட்டிஸ் தம் பதவியைத் துறந்தார்.

ஸ்காட்டின் கதி யாதாயிற்று? ஐரின் இதற்கிடையே மறுமணம் செய்துகொண்டிருந்தார். கணவர் கால்வின் சாபி, மாஸச்சூஸெட்ஸ் நாட்டிலிருந்து அடிமை முறையை எதிர்த்துக் காங்கிரஸுக்கு வந்த அங்கத்தினர்! தேசம் அறிந்த அடிமை தம் வீட்டு உடைமை என்று வெளிப்பட்டபோது அவர் பட்ட நாணம் சொல்லத் தரமன்று. ஸ்காட் குடும்பத்தைப் பழைய எஜமானர் மகன் டெய்லர் ப்ளோவுக்கு மாற்றிக் கொடுத்தனர். அவர் 1857 மே 26-ஆம் நாள் ஸெயின்ட் லூயிக் கோர்ட்டில் நால்வரையும் விடுதலை செய்தார். வழக்கு நடந்த ஆண்டுகளில் ஸ்காட் குடும்பத்தாரைக் கூலிக்கு விட்டு அக்கூலியை ஷெரீப் வாங்கிக் காத்துவந்தார். ஏறக்குறைய 750 டாலராகச் சேர்ந்த அப்பணம் உழைத்தவர்க்கு வரவில்லை, ஐரினுக்கே சென்றது. விடுதலை பெற்ற ஸ்காட் ஹோட்டல் ஒன்றிற் சுமைகூலியாக இருந்து, 1858 செப்டம்பர் 17-ஆம் நாள் க்ஷய நோயால் இறந்தார். உரிமையோடு வாழ்ந்தது பதினாறு திங்களுக்கும் குறைவு. துணி வெளுத்துப் பிழைத்த ஹாரியெட் 1876 வரை இருந்தார். தம் மக்கள் பிரஜைகளாயினமையைக் கண்டார்.

அவர்களைப் பிரஜைகளாக்கிய வரலாற்றிலும் ஸெயின்ட் லூயிக் கட்டுகளோடு தொடர்புடையார் ஒருவர் உளர். பாலி வாஷ் என்னும் அடிமைப் பெண் 1839-இல் வழக்குத் தொடுத்து 1843-இல் விடுதலை பெற்றாள். அவ்வழக்கு நடக்கையிலேயே 1842-இல் தன் சிறுமகள் லூஸிக்காகத் தானே அடுத்த துணைவியாக நின்று வேறு வழக்குத் தொடுத்தாள். மகளோ வழக்கு முடியுமளவும் பதினேழு திங்கள் சிறையிலிருந்தாள். 1844-இல் லூஸிக்காக மன்றத்தில் வாதித்து வென்றவர் எட்வர்டு பேட்ஸ். அவரும் அடிமைகளை உடையவரே. அவரே 1861-இல் லிங்கன் மந்திரிசபையில் தலைமை வழக்கறிஞர் ஆனார். கரையோரக் கப்பலுக்குத் தலைவனாகப் பிரஜையே இருத்தல் வேண்டும். கறுப்பின மனிதன் இருக்கலாமா என்னும் கேள்வி 1862-இல் அவர் முன் வந்தது. இந்நாட்டில் உரிமையோடு பிறந்தவன் எந்நிறத்தவனாயினும் பிரஜையே என்று அவ்வாண்டு நவம்பர் 29-ஆம் நாள் அவர் எழுத்தில் விடையளித்தார். டானி அன்று உயிரோடிருந்தார். பிரதம நீதிபதி ஆசனத்திலும் இருந்தார். அடிமை முறை 1865-இல் பதின்மூன்றாம் திருத்தத்தால் ஒழிந்தது. பிறந்தார் யாவரும் பிரஜை என்பது 1868-இல் பதினான்காம் திருத்தமாயிற்று.

லூஸி முதுமையில் தம் சரித்திரத்தை ஒரு சிறு நூலாக எழுதி 1891-ஐ ஒட்டி வெளியிட்டார். நூலின் முகப்பில் அவர் பெயர் லூஸி டெலேனி. கோர்ட்டுக் கட்டில் லூஸி பிரிட்டன். அடிமைக்கு எஜமானன்தோறும் பெயர் வேறுபடும். பெண்ணுக்கு மணத்தாலும் வேறுபடும். இரண்டும் ஒருவரே என்று நிறுவ நூலும் வேண்டும், கட்டும் வேண்டும்.

சுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்பின் மூலத்தாள் வாஷிங்டனில், 1934-இல் நிறுவப்பெற்ற தேசிய ஆவணக்களரியில் உளது. அதைப் பேணுவதற்கு யார்க்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. ஸெயின்ட் லூயிக் கட்டுகளின் நிலை அஃதன்று. கோர்ட்டு எழுத்தர் அலுவலகத்தில், கடன் வழக்கு, வேலி வழக்கு, கூலி வழக்கு என்னும் ஆயிரக்கணக்கான கட்டுகளின் இடையே, மூன்றாக மடித்த தாள்களாய் அவை கிடந்தன. டிரெட் ஸ்காட்டின் வழக்கை உலகம் அறியும். அதுபோன்றவை எத்துணை என்பதை ஒருவரும் எண்ணவில்லை. 1990-க்குப் பின்னரே மிஸூரி ஆவணக்களரியார் அக்கட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, தூசி நீக்கி, மடிப்பு நிமிர்த்தி அட்டவணை செய்தனர். 1814 முதல் 1860 வரை விடுதலை வேண்டித் தொடுக்கப்பட்ட மனுக்கள் 301 என்று கணக்காயிற்று. பலவற்றின் வாதிகளுக்கு வேறு எவ்விடத்தும் பெயரில்லை. கல்லறையில் இல்லை, நூலில் இல்லை. குடிக்கணக்கில் அடிமையைப் பெயரால் எழுதுவதும் இல்லை. வயதும் பாலும் நிறமுமே எழுதுவர். அத்தாள்களின் நிழற்படங்களை இன்று எவரும் தம் ஊரிலிருந்தே கணினி வாயிலாகக் காணலாம். 2022-இல் அந்நகரத்துக் கோர்ட்டின் எதிரே அவ்வாதிகளின் பெயர் பொறித்த நினைவுச் சின்னம் ஒன்றும் எழுப்பினர்.

ஸ்காட்டின் மனுவில், பெயரை வேறொருவர் திருத்தமான கையில் எழுதியிருக்கின்றார். நடுவே சிறு இடம் விட்டு, ‘இவர் குறி’ என்று மேலுங் கீழும் வரைந்து வைத்திருக்கின்றார். அவ்விடத்தில் குறுக்காக இரண்டு கோடு. அதே நாளிட்ட ஹாரியெட்டின் மனுவிலும் அவ்வாறே இரண்டு கோடு.